பச்சைமலையிலிருந்து பூநாரைக் கரைக்கு: இதெல்லாம் தெரியுமா உங்களுக்கு?

அந்தப் படம் உங்கள் கைப்பேசிக்கும் ஒருநாள் வந்திருக்கும். வெள்ளை மணல், அடி தெரியும் தண்ணீர், நடுவே ரோஜா நிறத்தில் நாலைந்து பறவைகள், தொப்பி போட்ட ஒரு பெண் கை நீட்டித் தீனி கொடுக்கிறாள். துறையூர் பஸ் நிலையத்தில் நின்று பார்த்தாலும் சரி, பச்சைமலையில் டாப் செங்காட்டுப்பட்டிக்கு மேலே சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறிப் பார்த்தாலும் சரி, வாழ்க்கையில் ஒரு தடவையாவது அங்கே போய்விட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும். அது எந்த ஊர் தெரியுமா? வெனிசுவேலா கரைக்கு எதிரே கரீபியன் கடலில் இருக்கும் அரூபா! அதிலும் அரூபாவை ஒட்டி ஒரு விடுதிக்கே சொந்தமான தனித் தீவு. விடுதியில் அறை எடுத்தவர்களைப் படகில் கூட்டிப்போவார்கள். மற்றவர்களுக்கு நாளொன்றுக்குக் கொஞ்சம் சீட்டுதான். திருச்சியிலிருந்து கிளம்பினால் பல விமானம் மாறி, பாதி உலகத்தைத் தாண்ட வேண்டும்.

ஆனால் பூநாரைகள் நிற்கும் தீவுக் கரை ஒன்று, திருச்சி ஜங்ஷனில் ரயில் ஏறினால் அன்றைக்கே போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிறது, தெரியுமா? அரூபாப் படத்தில் இருப்பது கரீபியப் பூநாரை. நம் கரைக்கு வருவது பெரும் பூநாரை. உலகத்தில் மொத்தம் ஆறு வகைப் பூநாரைகள் உண்டு. அந்த ஆறிலும் உயரமானது நம் கரைக்கு வருவதுதான்! பெரிய ஆண் பறவை ஐந்தடியை நெருங்கும். எடையோ நாலு கிலோவுக்குள்.

இன்னொரு சேதி. அரூபாவின் அந்தக் கரையில் நிற்கும் பறவைகள் விடுதி வளர்ப்பவை. பக்கத்துத் தீவான பொனேருக்குப் போனால் கதையே வேறு. அங்கே உப்பளத்தின் நடுவில் காட்டுப் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. மனிதர்கள் கிட்டே போக அனுமதி கிடையாது. நம் ஊர்ப் பூநாரையும் அந்த ரகம்தான். யார் கையிலும் தின்னாது, யார் படத்துக்கும் நிற்காது, பிடித்தால் இருக்கும், பிடிக்காவிட்டால் கிளம்பிவிடும். கைக்கெட்டும் பறவையைவிடக் கண்ணுக்கெட்டும் பறவைதான் பெரிய அதிசயம் என்பது என் கட்சி. அதனால்தான் பயணத் திட்டத்தையே அந்தத் தூரத்தை வைத்துப் போடச் சொல்கிறேன்.

ராமேஸ்வரமே ஒரு தீவுதானே!

2025 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். அன்றைக்குத் தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியில் ஒரு சரணாலயத்தை அறிவித்தது. பெயரே 'பெரும் பூநாரை சரணாலயம்'! ஒரு பறவையின் பெயரையே தாங்கிய சரணாலயம், சுமார் 524 ஹெக்டேர். அறிவிப்புக்கு முந்தைய 2023–24 கணக்கெடுப்பில் இந்தப் பகுதியில் 128 இனங்களைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் பதிவாகியிருந்தன. ராமேஸ்வரத்துக்குப் போனவர்கள் எல்லோரும் தனுஷ்கோடிக்கும் போயிருப்போம், அரிச்சல்முனையில் அலையைப் பார்த்து நின்றிருப்போம். போகிற வழியில், கோதண்டராமர் கோயிலை ஒட்டிய தேங்கல் தண்ணீரில் தூரத்தில் வெள்ளையாக ஒரு வரிசை தெரிந்ததா? கொக்கு என்று நினைத்து வேன் ஜன்னலைச் சாத்தியிருப்போம். அதுதான் பூநாரை!

ஏன் வெள்ளையாகத் தெரிகிறது என்கிறீர்களா? பெரும் பூநாரை இறக்கையை மடக்கி நிற்கும்போது உடம்பு வெளிறிய வெள்ளைதான். ரோஜா நிறம் முழுவதும் இறக்கைக்குள் மடங்கிக் கிடக்கும். பறப்பதற்காகத் தண்ணீர்மேல் தடதடவென்று ஓடி, இறக்கையை விரிக்கும் அந்தக் கணத்தில்தான் குங்குமச் சிவப்பும் விளிம்பில் கன்னங்கரிய கறுப்பும் ஒரே நேரத்தில் வெளியே வரும். நூறு பறவைகள் சேர்ந்து விரித்தால்? பார்த்தவர்களுக்கு அன்றைக்குப் பசியே தெரியாது! அந்தக் காட்சிக்காகப் பறவையை விரட்டிவிடாதீர்கள். காலையும் மாலையும் அவை தாமாகவே இடம் மாறும். பொறுமையாக உட்கார்ந்திருந்தால் போதும்.

போகும் வழியும் சும்மா இல்லை. திருச்சியிலிருந்து ராமேஸ்வரம் ரயில் புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை, ராமநாதபுரம் என்று போய்க் கடல்மேல் ஏறுகிறது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலம் ஓய்வு பெற்று, 2025 ஏப்ரல் 6 முதல் புதுப் பாலம். கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும் கடல்பாலம் இந்தியாவில் இதுதான் முதல். பழைய பாலம் திறந்த காலத்தில் ஒரு பயணம் இருந்தது தெரியுமா? 'போட் மெயில்'! சென்னையில் ஏறி, நம் திருச்சி வழியாக தனுஷ்கோடி வந்து, அங்கே கப்பல் மாறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயிலில் கொழும்பு. ஒரே பயணச்சீட்டு! 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடி ஊரையும் ரயில் நிலையத்தையும் பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலையும் சேர்த்து விழுங்கிவிட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சாலைகூட இல்லாமல் மணலாகக் கிடந்தது. 2017-ல்தான் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. மனிதர்கள் ஊரைக் காலி செய்துவிட்ட அந்தக் காலமெல்லாம் பறவைகள் மட்டும் தவறாமல் வந்துபோயிருக்கின்றன.

ஒற்றைக் காலில் தூங்கும் உடம்பு

இனி பறவையைப் பற்றி. இதைச் சொல்லாமல் அடுத்த ஊருக்குப் போக முடியவில்லை, அவ்வளவு இருக்கிறது!

பூநாரைக்குப் பிறவியில் ரோஜா நிறம் கிடையாது, தெரியுமா? குஞ்சு சாம்பல் நிறத்தில் பிறக்கும். உப்பு நீரில் வளரும் பாசியிலும், அந்தப் பாசியைத் தின்னும் பொடி இறால்களிலும் உள்ள கரோட்டினாய்டு என்ற நிறமிதான் தின்னத் தின்னச் சிறகில் ஏறுகிறது. கேரட்டுக்கு நிறம் தருவதும் இதே குடும்பத்து நிறமிதான். முழு நிறம் பிடிக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். ஆக, தனுஷ்கோடியில் கூட்டத்துக்கு நடுவே அழுக்குப் பழுப்பாக ஒன்றிரண்டு தென்பட்டால் அவை நோய்ப்பட்ட பறவைகள் அல்ல, சின்னப் பிள்ளைகள்! கூட வரும் குழந்தைகளிடம் இதைக் கண்டுபிடிக்கும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள். பெரியவர்களை முந்திவிடுவார்கள்.

அதைவிட வியப்பு, இந்தப் பறவை மேக்கப் போடுகிறது! வால் அடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி. அதில் ஊறும் எண்ணெயிலும் அந்த நிறமி இருக்கிறது. ஜோடி தேடும் பருவத்தில் கன்னத்தால் அதைத் தொட்டுக் கழுத்திலும் மார்பிலும் பூசிக்கொள்கிறது. ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2011-ல் இதை எழுதி வெளியிட்டார்கள். குஞ்சு பொரித்த பிறகு பூச்சு குறைந்துபோகும், நிறமும் வெளுக்கும்.

பறவை பால் கொடுக்குமா? பூநாரை கொடுக்கும்! தொண்டைப்பை வழியில் சுரக்கும் ஒரு கொழுப்புச் சத்து நீர், நிறம் சிவப்பு. அம்மா மட்டுமல்ல, அப்பாவும் கொடுப்பார். அடை காப்பதும் இருவரும்தான், முறை வைத்துக்கொண்டு ஒரு மாதம்போல. முட்டை ஒன்றே ஒன்று. சேற்றை அலகால் குவித்து மேடு கட்டி, உச்சியில் குழி பறித்து அதில் இடும். குஞ்சுகள் கொஞ்சம் நடமாட ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு ஓரிரு பெரிய பறவைகள் காவல் நிற்கும். ஆயிரக்கணக்கான குஞ்சுகள் நடுவிலும் தன் பிள்ளையின் குரலைத் தாய் தந்தை அடையாளம் கண்டுபிடித்துவிடும்!

ஒற்றைக்கால் தவம் சங்கதிக்கு வருவோம். நாம் ஒற்றைக்காலில் நின்றால் தசை வலிக்கும். பூநாரைக்கு வலிக்காது, ஏன் தெரியுமா? 2017-ல் அமெரிக்காவில் ஜார்ஜியா டெக், எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இறந்துபோன பூநாரை உடலை ஒற்றைக்காலில் நிறுத்திப் பார்த்தார்கள். நின்றது! உயிரே இல்லாத உடம்பு, தசை எதுவும் வேலை செய்யாமல், எலும்பும் மூட்டும் பூட்டிக்கொண்ட கணக்கில் நின்றது. இரண்டு காலில் நிறுத்தினால் நிற்கவில்லை. அதற்கு ஒற்றைக்கால்தான் ஓய்வு. பின்பக்கமாக மடங்குகிறதே, அது முழங்கால் இல்லை, கணுக்கால்! முழங்கால் மேலே சிறகுக்குள் மறைந்திருக்கிறது.

சாப்பிடும் முறை உலகத்தில் வேறு எந்தப் பறவைக்கும் வாய்க்காத ஒன்று. தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்பகுதி கீழே வரும்படி தண்ணீரில் வைக்கும். உள்ளே தடித்த நாக்கு நம் ஊர் அடிபம்பு மாதிரி முன்னும் பின்னும் ஓடும், நொடிக்குப் பலமுறை. இழுத்த தண்ணீரை அலகின் ஓரத்து நுண்ணிய சல்லடை வழியே வெளியே தள்ளிவிட்டு இரையை மட்டும் வைத்துக்கொள்ளும். இவ்வளவுதான் என்று நினைத்திருந்தோம். 2025-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் விக்டர் ஒர்டேகா ஹிமெனேஸ் குழுவினர் இன்னொரு குட்டை உடைத்தார்கள். பூநாரை சும்மா வடிகட்டவில்லை, தண்ணீருக்குள் சுழல்களை உண்டாக்குகிறது! தலையை நொடிக்கு சுமார் 40 சென்டிமீட்டர் வேகத்தில் வெடுக்கென்று மேலே இழுக்கும்போது ஒரு சுழல். அலகைக் கிடுகிடுவென்று தட்டும்போது இன்னொன்று. சவ்வுக் காலால் சேற்றை மிதிக்கும்போது மற்றொன்று. ஓடித் தப்பும் பொடி இறால்களை இந்தச் சுழல்கள் இழுத்து வந்து வாயில் போடுகின்றன. நிற்கும் பறவை என்று நினைத்தோம். காலுக்கடியில் அத்தனை வேட்டை நடக்கிறது!

உப்புக் கரைசலில் நாள் முழுக்க வாய் வைத்தும் தாகம் எடுத்துச் சாவதில்லை. தலையில் உள்ள சுரப்பிகள் ரத்தத்திலிருந்து உப்பைப் பிரித்து மூக்குத் துளை வழியாக வெளியேற்றிவிடும். ஆயுளோ கெட்டி. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு உயிரியல் பூங்காவில் ஒரு பூநாரை 2014-ல் இறந்தபோது அதற்குக் குறைந்தது 83 வயது!

இத்தனை பறவைகள் எங்கே பிறக்கின்றன? தமிழ்நாட்டில் வழக்கமாகக் கூடு கட்டுவதில்லை. குஜராத்தில் கட்ச் வளைகுடாவுக்கு மேலே பெரிய ரண் என்ற உப்புப் பாலைவனத்தின் நடுவில், மழை பெய்து தண்ணீர் தேங்கும் ஆண்டுகளில் மட்டும் ஒரு 'பூநாரை நகரம்' எழும்புகிறது. பறவையியல் மேதை சாலிம் அலி 1945-ல் அங்கே போய்ப் பார்த்து சுமார் ஐந்து லட்சம் பறவைகள் இருக்கலாம் என்று கணித்தார். ஈரானின் ஊர்மியா ஏரியில் காலில் வளையம் மாட்டி விட்ட பூநாரைகளும் இந்தியாவில் கிடைத்திருக்கின்றன. சாதகமான காற்றடித்தால் ஒரே இரவில் ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர் கடந்துவிடும். பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை!

ராஜாஜி நடந்த வழி, காவிரி நடந்த வழி

திருச்சிக்காரர்களுக்கு என்றே எழுதிவைத்த இரண்டாவது இடம் கோடியக்கரை. 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி, உப்புச் சத்தியாக்கிரகத்துக்காக ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியில் டி.எஸ்.எஸ்.ராஜன் வீட்டிலிருந்து வேதாரண்யத்துக்குக் கால்நடையாகக் கிளம்பினாரே, அவர்கள் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக எந்த உப்பளத்தைத் தேடிப் போனார்களோ, அதே உப்பு மண்ணில்தான் பூநாரைகளும் மேய்கின்றன! உப்பு அள்ளிய அகஸ்தியம்பள்ளி இன்று ரயில் நிலையம். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 37 கிலோமீட்டர் அகலப்பாதை 2023 ஏப்ரலில் திறந்தாயிற்று. அவர்கள் இரண்டு வாரம் நடந்த தூரத்தைக் காரில் அரைநாளுக்குள் முடித்துவிடலாம்.

ஸ்ரீரங்கம் ஒரு தீவு என்பது நமக்குத் தெரியும். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது, அம்மா மண்டபத்துப் படியைத் தொட்டுக்கொண்டு காவிரி போகிறது. அப்புறம் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது தெரியுமா? கல்லணையில் அதிலிருந்து வெண்ணாறு பிரியும். நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் அந்த வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியும். இரண்டும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் புகுந்து, அங்குள்ள காயலில் கலந்து கடலாகின்றன. அந்தக் காயலிலிருந்து கிழக்கே கோடியக்கரை வரை விரிந்து கிடப்பதுதான் வேதாரண்யம் பெருஞ்சதுப்பு நிலம். ஆக, ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்தில் நாம் கும்பிட்டு அனுப்பும் தண்ணீரும் வண்டலும், பூநாரை கால் வைத்து நிற்கும் சேற்றுக்குப் பங்கு போட்டிருக்கின்றன! இதை யோசித்தாலே எனக்குப் புல்லரிக்கும்.

கோடியக்கரை 1967-ல் சரணாலயமானது. அதற்குப் பின்னாலும் சாலிம் அலியின் பரிந்துரை இருந்தது. 2002-ல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தலம், அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம் என்ற பெருமையும் இதற்கே கிடைத்தது. உள்ளே வெளிமான்கள், காட்டோடு காடாகத் திரியும் மட்டக்குதிரைகள், 'பொன்னியின் செல்வன்' பூங்குழலி படகு விட்ட கரை. 2018 நவம்பரில் கஜா புயல் இங்கேதான் கரையேறி மரங்களைச் சாய்த்துப் போட்டது. காடு மெல்ல மெல்ல எழுந்துகொண்டிருக்கிறது.

உப்பளப் பக்கம் ஒரு காலை வேளையில் வரப்பில் நடந்துகொண்டிருந்தேன். சேற்றில் வட்டம் வட்டமாக ஏதோ பதிந்திருந்தது. நடுவில் ஒரு மேடு, சுற்றிலும் பள்ளம், அதைச் சுற்றிக் கால் தடங்கள். யாரோ வேலை மெனக்கெட்டுக் கோலம் போட்ட மாதிரி அடுக்கடுக்காக. கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் குனிந்து காட்டினார். "நாரை மேஞ்ச இடம்ணே. அலகை நடுவுல ஊனிக்கிட்டு, சுத்திச் சுத்தி மிதிக்கும். தண்ணி வத்துனா இப்படித்தான் தெரியும்." நிமிர்ந்து பார்த்தால், தூரத்தில் அதே வேலையில் ஒரு கூட்டம்! தலைகள் தண்ணீருக்குள், கால்கள் மட்டும் மிதித்துக்கொண்டு. நான் இன்னும் பத்தடி எடுத்துவைத்தேன். சட்டென்று நாலைந்து கழுத்துகள் நிமிர்ந்தன. "போதும்ணே, இதுக்கு மேல வேணாம். தலையைத் தூக்கிருச்சுன்னா நம்மளப் பாத்துருச்சுன்னு அர்த்தம். இன்னும் போனா தின்னுறத விட்டுட்டுப் பறந்துரும்." வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டோம். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு கழுத்தாக மறுபடி தண்ணீருக்குள் போயிற்று.

அந்தக் காவலர் சொன்னதைவிடச் சிறந்த பயணக் குறிப்பு எதுவும் என்னிடம் இல்லை. தலை தூக்கினால் நில்லுங்கள். கழுத்து நீட்டி ஒரே பக்கமாக நடக்க ஆரம்பித்தால் பின்வாங்குங்கள். ஒவ்வொரு தடவை பறக்கும்போதும், மணிக்கணக்கில் மேய்ந்து சேர்த்த தெம்பு வீணாகிறது. அதுவும் பிப்ரவரி, மார்ச்சில் நெடும்பயணத்துக்கு உடம்பைத் தயார் செய்துகொண்டிருக்கும் பறவைக்கு அது பெரிய இழப்பு.

பூநாரை இல்லாவிட்டாலும் இந்தச் சேறு காலியாக இருக்காது. இருபது, முப்பது கிராம் எடையுள்ள கொசு உள்ளான் ஆர்க்டிக் பக்கத்துச் சைபீரியாவிலிருந்து இங்கே பறந்து வருகிறது என்றால் நம்ப முடிகிறதா? அலகே கரண்டியாக இருக்கும் கரண்டிவாயன், செக்கச்செவேல் அலகோடு பெரிய ஆலா, கூழைக்கடா என்று பட்டியல் நீளும்.

யாருக்கும் சொந்தமில்லாத இருபத்தொரு தீவுகள்

தனித் தீவுதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கு மன்னார் வளைகுடா! ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 21 தீவுகள். முயல் தீவு, மனோலி, குருசடை, நல்லதண்ணித் தீவு, வான் தீவு... பெயர்களே ஊரைக் கூப்பிடும். 1986-ல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. முயல் தீவு, மனோலிப் பக்கத்துச் சேற்றுப் பரப்பில் பூநாரைகளும் இறங்கும். இங்கே எந்த விடுதியும் அறை கட்ட முடியாது, யாரும் கூடாரம் போட முடியாது. பவளப்பாறையை வெட்டி எடுத்த காலத்தின் தண்டனையாக பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன. வான் தீவும் தேய்ந்துகொண்டிருக்கிறது. சுற்றிலும் செயற்கைப் பாறைகளை இறக்கித் தடுத்துப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இந்தக் கட்டுப்பாடுகள் இல்லாவிட்டால் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

குருசடைக்கு வனத்துறையின் சூழல் சுற்றுலாப் படகு உண்டு. பாம்பன் பக்கம் குந்துகால் துறையில் ஏற வேண்டும். சிகாகோ போய்த் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரியில் தாய்நாட்டு மண்ணில் கால் வைத்த இடமும் அதே குந்துகால்தான்! கடல் நிலையைப் பார்த்துத்தான் படகு விடுவார்கள். கிளம்பும் முன் வனத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலுக்கு அந்தப் பக்கமும் தமிழ் ஊர்தான், அந்தப் பக்கமும் பூநாரைதான். இலங்கையின் மன்னார்த் தீவுக்குப் போகும் பாலச் சாலையின் இருபுறமும் வங்காலை சரணாலயம், 2010-ல் ராம்சார் தலமானது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல், நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. யாழ்ப்பாணத்தில் சொந்தம் உள்ளவர்கள் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கலாம்.

எப்போது, எப்படி?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போகாதீர்கள். தண்ணீர் ஆழமாக இருந்தால் பூநாரை மேய முடியாது, பாதையும் சகதி. மழை ஓய்ந்து, தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறி, பொடி இறால் பெருகும் தையும் மாசியும்தான் நமக்கு வாகான காலம். பங்குனி வரைக்கும்கூட தனுஷ்கோடியில் வாய்ப்பு உண்டு. வருஷத்துக்கு வருஷம் மாறும் என்பதால், ராமேஸ்வரத்திலோ கோடியக்கரையிலோ வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துவிட்டு டிக்கெட் போடுவது நல்லது. கோடியக்கரையில் பறவைகள் அதிகம் இறங்கும் கோவைத்தீவுப் பக்கம் போக வனத்துறை அனுமதி வேண்டும்.

பச்சைமலைக்காரர்களுக்கு ஒரு யோசனை. டாப் செங்காட்டுப்பட்டியிலிருந்து மலை இறங்கித் துறையூர், திருச்சி வந்தீர்கள் என்றால் அன்றைக்கே கடலுக்கு ஓடாதீர்கள். முதலில் ஒரு நாள் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிக்குப் போய்வாருங்கள். வாத்தலையில் பிரியும் புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணீர் நிரப்பும் ஏரி. 1999-ல் சரணாலயம், 2024-ல் ராம்சார் தலம். இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்து அங்கே வந்து நீந்துகிறது! மலையில் இலைக்குள் ஒளிந்திருக்கும் பறவையைக் குரல் வைத்தே கண்டுபிடிக்கும் காது உங்களுக்கு ஏற்கெனவே உண்டு. திறந்த வெளியில் தூரத்துப் பறவையைப் பார்க்கும் கண் மட்டும்தான் பழக வேண்டும். ஒரு பைனாகுலர் போதும். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது கைக்கு நடுங்காமல் நிற்கும்.

காக்கி, பழுப்பு, மங்கிய பச்சை என்று மண்ணோடு ஒட்டும் உடை. பளிச்சிடும் சிவப்பு, வெள்ளைச் சட்டைகளை மறுநாள் ராமேஸ்வரம் கோயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ட்ரோன் கேமராவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தனுஷ்கோடி ஒரு சரணாலயம் என்பதோடு, நாட்டின் கடல் எல்லையும்கூட. விடிந்ததும் முதல் ஆளாகப் போய்விட்டால் வெயிலும் உறைக்காது, கூட்டமும் இருக்காது. மாலைக்கு மேல் அரிச்சல்முனைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். குடிதண்ணீர் கொண்டுபோங்கள், காலி பாட்டிலை மறக்காமல் திருப்பிக் கொண்டுவாருங்கள். காற்றடித்தால் அந்தப் பாட்டில் நேரே அந்தத் தேங்கல் தண்ணீருக்குள்தான் போய் விழும்.

கடைசியாக ஒன்று, இது நிறையப் பேருக்குத் தெரியாது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்று 1987-லிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் ஒன்று நடக்கிறது. தமிழ்நாடு வனத்துறையும் ஈரநிலப் பறவைகளை ஒரே சமயத்தில் மாநிலம் முழுக்க எண்ணும் வேலையைச் செய்கிறது. சம்பளத்துக்கு இருப்பவர்கள் மட்டும் எண்ணுவதில்லை. கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், பறவை ஆர்வலர்கள் எல்லோரையும் தன்னார்வலர்களாகச் சேர்த்துக்கொள்கிறார்கள்! தனுஷ்கோடியைச் சரணாலயமாக அறிவித்தபோது சொல்லப்பட்ட எண்களும் இப்படியொரு கணக்கெடுப்பில் கிடைத்தவைதான். திருச்சி வனக்கோட்டத்தில் டிசம்பரிலேயே விசாரித்துப் பெயர் கொடுத்து வையுங்கள்.